கேமரா டிரைவர் வேலைக்கு எட்டு சேனல் லாஜிக் அனலைசர் போதுமா?

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி லாஜிக் அனலைசரைப் பற்றி எழுதுகிறேன். கம்பிகளில் ஓடும் ஒன்று, பூஜ்ய சிக்னல்களை நேரத்தோடு பதிவு செய்து காட்டும் கருவி அது. சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. இதை வாங்கி யூஆர்ட் (சீரியல் தொடர்பு) பார்த்தோம், எல்ஈடி மினுக்குவதைப் பார்த்தோம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இதை வைத்திருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான்: லினக்ஸில் கேமரா சென்சார் டிரைவர் (சென்சாரை இயக்கும் நிரல்) எழுதுவதற்கும், சென்சார் எழுந்திருக்க மறுக்கும்போது காரணம் தேடுவதற்கும். அந்தக் கோணத்தில் இதை யாரும் எடைபோட்டு நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சைப்ரஸ் நிறுவனத்தின் எஃப்எக்ஸ்2எல்பி என்ற யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப், முன்னால் ஒரு பஃபர் சிப் (சில பெட்டிகளில் அதுவும் இருக்காது), சில ரெசிஸ்டர்கள். அவ்வளவுதான். பிடித்த சாம்பிளைச் சேர்த்து வைக்க மெமரி கிடையாது. எட்டு பின்னிலும் இருப்பது ஒன்றா பூஜ்யமா என்று பார்த்து, ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு பைட்டாக உடனுக்குடன் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. ஃபர்ம்வேரும் (அந்தச் சிப்பில் ஓடும் நிரல்) உள்ளே நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினிதான் ஏற்றிவிட வேண்டும். சிக்ராக் திட்டத்தின் திறமூல ஃபர்ம்வேரும் அதன் பல்ஸ்வியூ மென்பொருளும் இந்த வேலையைச் செய்கின்றன. உபுண்டுவில் இரண்டையும் பேக்கேஜாகவே நிறுவிக்கொள்ளலாம். இந்தப் பெட்டிகளில் பல வேறொரு நிறுவனத்தின் யூஎஸ்பி அடையாள எண்ணைப் போட்டுக்கொண்டு வருகின்றன. அந்த நிறுவனத்தின் மென்பொருளை இதில் ஓட்டுவது நியாயமில்லை. அவர்கள் தங்கள் கருவியை வாங்கியவர்களுக்காக எழுதியது அது. சிக்ராக் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

சரி, கேமரா சென்சாருக்கு இது எதற்கு?

எங்கள் வேலை பார்சல் லேபிள் படிக்கும் கேமரா. சோனியின் ஐஎம்எக்ஸ்219 சென்சார், ராஸ்பெரி பையின் இரண்டாம் தலைமுறை கேமராவில் 2016 முதல் இருப்பதே. 3280 பெருக்கல் 2464 பிக்சல், படத் தரவு போக இரண்டு லேன் (கம்பி ஜோடி). எங்கள் போர்டில் அது தனியாக வடிவமைத்த சின்னத் தட்டில் (சர்க்யூட் போர்டில்) உட்கார்ந்திருக்கிறது. இதற்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட டிரைவர், படித்துக் கற்றுக்கொள்ளச் சிறந்தது. ஆனால் எந்த டிரைவரும், போர்டு தனக்குச் சொல்வதை நம்பித்தான் நடக்கும். 2.8 வோல்ட், 1.8 வோல்ட், 1.2 வோல்ட் என்று மூன்று மின்சாரத்தையும் போடு என்கிறது. மின்சாரத்தைக் கவனிக்கும் கெர்னலின் ரெகுலேட்டர் பகுதி "போட்டாயிற்று" என்கிறது. சென்சாருக்கு வேண்டிய துடிப்பான கிளாக்கை ஓட்டு என்கிறது; கிளாக் பகுதி "ஓடுகிறது" என்கிறது. அப்புறம் எக்ஸ்சிஎல்ஆர் என்ற ரீசெட் பின்னை உயர்த்துகிறது. 6.2 மில்லி செகண்ட் காத்திருக்கிறது. அதன்பின் ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பித் தொடர்பு) வழியாக ஹெக்ஸ் 10 முகவரியில் சென்சாரைக் கூப்பிட்டு, 0000 ரெஜிஸ்டரில் (சென்சாருக்குள் எண்ணிட்ட நினைவிடம்) 0219 என்ற சிப் ஐடி இருக்கிறதா என்று கேட்கிறது. பதில் வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

அந்த 6.2 மில்லி செகண்ட் எங்கிருந்து வந்தது என்பதை டிரைவரின் கமென்ட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் அது. ரீசெட் விட்டபின் முதல் கட்டத்துக்கு அதிகபட்சம் 200 மைக்ரோ செகண்ட். அடுத்த கட்டத்துக்கு 6000 மைக்ரோ செகண்ட். இந்த 6000 ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஐ2சி பேசத் தயாராகச் சென்சார் எடுத்துக்கொள்ளும் நேரம் தனியாக ஒன்று உண்டு. அது செகண்டில் இல்லை, வெளியிலிருந்து வரும் கிளாக்கின் துடிப்புகளில் இருக்கிறது: அதிகபட்சம் 32000 துடிப்பு. 6 முதல் 27 மெகாஹெர்ட்ஸ் வரை எந்தக் கிளாக் கொடுத்தாலும் இந்த 32000 துடிப்பு 1185 முதல் 5333 மைக்ரோ செகண்டுக்குள் முடிந்துவிடும், அதனால் 6200 காத்திருந்தால் எப்போதும் பத்திரம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது சுமார் 1333 மைக்ரோ செகண்ட். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ரீசெட் விடும் கணத்தில் கிளாக் நிஜமாகவே துடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் போர்டின் பிரச்சினை இதுதான்: காலையில் முதல் முறை மின்சாரம் போட்டால் கேமரா வராது. சிப் ஐடியைப் படிக்க முடியவில்லை, பிழை கழித்தல் 5 என்று கெர்னல் லாக் சொல்லும். உடனே ரீபூட் செய்தால் வந்துவிடும். அதன்பிறகு நாள் முழுக்க எத்தனை ரீபூட் செய்தாலும் வரும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. கெர்னல் லாக் எவ்வளவு படித்தாலும் அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது. உள்ளே ஆள் இல்லையா, தூங்குகிறாரா, நாம் தட்டியதே தப்பான கதவா என்று அதற்குத் தெரியாது.

இந்த மாதிரிப் பிரச்சினைக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் முதலில் செய்வது காத்திருப்பைக் கூட்டுவது. 6 மில்லி செகண்டை 50 ஆக்கு, வேலை செய்தால் அனுப்பிவிடு. எனக்கு அது பிடிக்காது. காரணம் தெரியாமல் போட்ட டிலே வேறொரு தட்டில், வேறொரு குளிரில் மறுபடி தோற்கும். அதோடு அந்தக் காத்திருப்பைத் தேவையே இல்லாத எல்லாப் போர்டுகளும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும். எங்கள் ஹார்டுவேர் பிரிவில் இருக்கும் அண்ணனிடம் லாக்கைக் காட்டினேன். அவர் லாக்கைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, கிளாக் எப்ப வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். "டிரைவர் கிளாக்கைப் போட்டுடுதுண்ணா" என்றேன். "டிரைவர் சொல்றது இருக்கட்டும். கம்பியில பாரு" என்றார். அன்று சாயங்காலம்தான் இந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது.

இனி கருவியின் குணங்களுக்கு வருகிறேன். இதன் மிகப் பெரிய பலம் எல்லோரும் குறை என்று சொல்வதேதான்: உள்ளே மெமரி இல்லை. மெமரி இல்லாததால் கணினியில் இடம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டே போகலாம். துவக்கக் கோளாறுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். மின்சாரம் போட்டு, பூட்லோடர் ஓடி, கெர்னல் எழுந்து, கேமரா டிரைவர் தன் முறைக்கு வர அரை நிமிடம் ஆகலாம். நமக்கு வேண்டியது அதில் இருபது மில்லி செகண்ட். எந்த இருபது என்று முன்கூட்டித் தெரியாது. நான் 4 மெகாஹெர்ட்ஸில் 20 கோடி சாம்பிள் என்று வைத்துக்கொள்வேன். மொத்தம் 50 விநாடி, 200 மெகாபைட். பதிவை ஓடவிட்டு, போர்டுக்கு மின்சாரம் போட்டு, முடிந்தபின் நிதானமாகத் தேடலாம். பூட்லோடர் எந்தெந்த ரெகுலேட்டரைத் தொட்டுவிட்டுப் போனது என்பதுகூட அதே படத்தில் தெரியும். கொஞ்சமாய் மெமரி உள்ள ஆசிலோஸ்கோப்பில் இதைச் செய்ய ட்ரிகரை (பதிவு எப்போது தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையை) குறிபார்த்து வைப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

4 மெகாஹெர்ட்ஸ் போதுமா என்றால், 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சிக்குப் போதும். ஒரு பிட்டுக்குப் பத்து சாம்பிள் கிடைக்கிறது. 24 வரை ஏற்றலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் விநாடிக்கு 24 மெகாபைட் யூஎஸ்பியில் பாய வேண்டும். ஒரே ஹப்பில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் பதிவு பாதியில் நின்றுவிடும். நேராக லேப்டாப்பில் செருகுங்கள், 12 அல்லது 16க்கு மேல் தேவையில்லாமல் போகாதீர்கள்.

இரண்டாவது பலம் பல்ஸ்வியூவின் ஐ2சி டிகோடர். கம்பிகளின் ஏற்ற இறக்கத்துக்குக் கீழேயே "முகவரி 10, எழுது, பதில் இல்லை" என்று எழுதிக் காட்டிவிடும். அந்தப் பதில் இல்லாத கட்டத்துக்கு மேலே மற்ற சேனல்கள் அதே நேரக் கோட்டில் நிற்கும். எங்கள் காலை நேரக் கோளாறு அந்த ஒரே படத்தில் வெளியே வந்தது. 2.8 வோல்ட் ஏறுகிறது. 1.8 ஏறுகிறது. எக்ஸ்சிஎல்ஆர் ஏறுகிறது. ஆறரை மில்லி செகண்ட் கழித்து ஐ2சி அழைப்பு, பதில் இல்லை. அதற்கெல்லாம் பின்னால், எக்ஸ்சிஎல்ஆர் ஏறி 9 மில்லி செகண்ட் ஆனபிறகு, கிளாக்கை உருவாக்கும் ஆசிலேட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பி ஏறுகிறது.

அதாவது சென்சாரைக் கூப்பிட்ட நேரத்தில் அதற்குக் கிளாக்கே இல்லை. 32000 துடிப்பு வேண்டும் என்ற இடத்தில் ஒரு துடிப்புகூட வந்திருக்க முடியாது. எங்கள் தட்டில் 24 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒரு தனி லோடு ஸ்விட்ச் வழியாக மின்சாரம் வாங்குகிறது. அந்த ஸ்விட்ச் மின்னோட்டம் திடீரென்று பாயாமல் இருக்க மெதுவாகத் திறக்கும் வகை. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) கிளாக் வெறும் ஃபிக்ஸ்டு கிளாக் என்று எழுதப்பட்டிருந்தது. ஃபிக்ஸ்டு கிளாக் என்றால் கெர்னலைப் பொறுத்தவரை அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. போடவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ரீபூட் செய்யும்போது அந்தக் கம்பியில் இருக்கும் கெபாசிட்டர் வடிவதற்குள் மறுபடி மின்சாரம் வந்துவிடுவதால் ஆசிலேட்டர் உடனே ஓடியது. இரவு முழுக்க அணைத்து வைத்தால் எல்லாம் வடிந்துபோய், காலையில் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியிருந்தது.

சரிசெய்தது டிரைவரில் இல்லை, டிவைஸ் ட்ரீயில். லோடு ஸ்விட்சை ஒரு ஃபிக்ஸ்டு ரெகுலேட்டராக எழுதி, அதற்கு ஸ்டார்ட்அப் டிலேயாக 15 மில்லி செகண்ட் கொடுத்து, சென்சாரின் 1.8 வோல்ட்டுக்கு அதைத் தாய் ரெகுலேட்டராக வைத்தேன். இப்போது 1.8 வோல்ட்டைக் கேட்டால் முதலில் ஆசிலேட்டருக்கு மின்சாரம் போய், காத்திருப்பு முடிந்து, அப்புறம்தான் சென்சாருக்கு வரும். டிரைவரில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த ரெகுலேட்டருக்கு "பூட் ஆன்" என்று போட்டிருந்தால் கெர்னல் அதை ஏற்கெனவே ஏறியதாக எடுத்துக்கொண்டு காத்திருக்காமல் போய்விடும். எங்கள் டிவைஸ் ட்ரீயில் பக்கத்து ரெகுலேட்டர்கள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருந்தது. நகல் எடுக்கும்போது சேர்ந்து வந்துவிடும், கவனியுங்கள்.

அதே படத்தில் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மின்சாரத்தையும் டிரைவர் ஒரே அழைப்பில் கேட்கிறது. அந்த அழைப்பு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கெர்னல் அவற்றை இணையாக ஏற்ற முயல்கிறது. எது முதலில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சென்சாரின் தாளில் (டேட்டாஷீட்டில்) மின்சார வரிசை கட்டாயம் என்று இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றும்படி டிரைவரில் எழுதுவதே சரி. இதை எந்த ஆவணத்தைப் படிப்பதையும்விட, இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மறக்க முடியாதபடி புரிந்துகொள்ளலாம்.

ரீசெட் பின் விஷயத்திலும் இந்தப் பெட்டி நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எக்ஸ்சிஎல்ஆர் தாழ்ந்தால் ரீசெட், உயர்ந்தால் ஓட்டம். அதைப் பார்த்து டிவைஸ் ட்ரீயில் "ஆக்டிவ் லோ" என்று எழுதத் தோன்றும். மற்றப் பல சென்சார்களுக்கு அதுதான் சரியும்கூட. ஆனால் ஐஎம்எக்ஸ்219 டிரைவர் மின்சாரம் ஏற்றியபின் அந்தப் பின்னுக்கு 1 என்று எழுதுகிறது. "ஆக்டிவ் லோ" என்று சொல்லிவிட்டால் கெர்னலில் பொதுப் பயன்பாட்டுப் பின்களைக் கவனிக்கும் ஜிபிஐஓ பகுதி அந்த 1ஐத் தலைகீழாக்கிப் பின்னைத் தாழ்த்திவிடும். சென்சார் ரீசெட்டிலேயே கிடக்கும். பிழைச் செய்தி அதே "சிப் ஐடியைப் படிக்க முடியவில்லை"தான். அனலைசரில் பார்த்தால் ஒரே பார்வையில் தெரியும்: ஐ2சி அழைப்பு போகும் நேரத்தில் எக்ஸ்சிஎல்ஆர் கீழே கிடக்கும். இதற்கு டிகோடர்கூட வேண்டாம்.

எந்தக் கம்பியிலும் எந்த அசைவும் இல்லாத பதிவும் ஒரு பதில்தான். ரெகுலேட்டர் ஏறவில்லை, ஐ2சி பேசவில்லை என்றால் டிரைவர் சென்சார் பக்கமே வரவில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு ரெகுலேட்டரோ கிளாக்கோ இன்னும் தயாராகவில்லை என்று கெர்னல் அதைக் கழித்தல் 517 என்ற பிழையோடு ஒத்திப்போட்டிருக்கும். அப்போது டீபக் கோப்பு முறைமையில் "டிவைசஸ் டிஃபர்டு" என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒத்திப்போட்டவை அங்கே வரிசையாக இருக்கும். சென்சாரை மாற்றுவது, கேபிளை மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

இனி குறைகள். முக்கியமானது வோல்டேஜ். உள்ளே இருக்கும் சிப் 3.3 வோல்ட் உலகத்தைச் சேர்ந்தது. 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை ஒன்று என்று எடுத்துக்கொள்வதாக அதன் தாள் உறுதி சொல்கிறது. கேமரா சென்சார்கள் வாழ்வது 1.8 வோல்ட்டில். ஐ2சி, எக்ஸ்சிஎல்ஆர் எல்லாம் அங்கேதான். நேராக இணைத்தால் சில பெட்டியில் ஒழுங்காகத் தெரியும், சிலவற்றில் இல்லாத துடிப்பும் தெரியும், இருக்கும் துடிப்பும் மறையும். இல்லாத கோளாறைத் தேட வைக்கும் கருவி கருவியே இல்லாததைவிட மோசம். அதனால் நடுவில் ஒரு லெவல் ஷிஃப்டர் அவசியம். அதிலும் ஒருவழிப் பஃபர் வகையை வாங்குங்கள். திசையைத் தானே கண்டுபிடிக்கும் வகைகள் பலவற்றில் உள்ளேயே புல்அப் ரெசிஸ்டரும் (கம்பியை மேலே இழுத்து வைப்பது) விளிம்பைத் தூக்கிவிடும் சுற்றும் இருக்கும். ஐ2சி கம்பியில் அதை மாட்டினால் நாம் அளக்கும் கம்பியின் குணமே மாறிவிடும். புல்அப் பலவீனமாக இருந்து தோற்ற பஸ், அனலைசர் மாட்டியதும் வேலை செய்யத் தொடங்கும்.

1.2 வோல்ட் கம்பியை நான் இதில் பார்ப்பதில்லை. அதற்கு ஆசிலோஸ்கோப்தான்.

இரண்டாவது குறை: 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை இதில் பார்க்க முடியாது. பெட்டியின் அதிகபட்ச வேகமும் 24, கிளாக்கும் 24. திரையில் தெரிவது எதுவாக இருந்தாலும் அது கிளாக் இல்லை. அதனால்தான் நான் ஆசிலேட்டரின் மின்சாரக் கம்பியைப் பிடித்தேன். அது ஏறும் நேரம் தெரிந்தால் முக்கால்வாசி விடை தெரிந்துவிடும். கிளாக் நிஜமாகத் துடிக்கிறதா, எத்தனை மில்லி செகண்டில் நிலைக்கிறது என்பதை அண்ணனின் ஆசிலோஸ்கோப்பில் ஒருமுறை உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாவது, கேமராவின் படத் தரவு போகும் மிப்பி லேன்கள். அவற்றை இதில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் லிங்க் ஃப்ரீக்வென்சி 456 மெகாஹெர்ட்ஸ், ஒரு லேனில் விநாடிக்கு 912 மெகாபிட். வேகமாக ஓடும்போது சிக்னலின் அசைவு சுமார் 200 மில்லி வோல்ட். சும்மா இருக்கும்போதும் 1.2 வோல்ட்தான். லேனின் நேர், எதிர் என்ற இரண்டு கம்பியும் 1.2 வோல்ட்டில் உயர்ந்து நிற்கும் அந்த ஓய்வு நிலைக்கு எல்பி-11 என்று பெயர். கேமராத் துவக்கக் கோளாறுகளில் பல அங்கேதான் நடக்கும் என்பதால் இது நிஜமான இழப்பு.

எங்களுக்கும் நடந்தது. சிப் ஐடிப் பிரச்சினை தீர்ந்தபின், சென்சார் ஒழுங்காக எழுந்தும் முதல் படம் வராமல் போனது. சில ரிசீவர்கள் (பிராசசர் பக்கத்தில் படத் தரவை வாங்கும் பகுதி), படம் ஓடத் தொடங்குமுன் லேன்கள் எல்பி-11ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவு திறக்கும். ஐஎம்எக்ஸ்219 மின்சாரம் வந்ததும் தானாக அந்த நிலைக்குப் போவதில்லை, ஒருமுறையாவது ஸ்ட்ரீமிங் தொடங்கினால்தான் போகும். கெர்னல் டிரைவரில் இதற்கு ஒரு வைத்தியம் ஏற்கெனவே இருக்கிறது: சிப் ஐடி படித்ததும் ஸ்ட்ரீமிங்கை ஒருகணம் போட்டு, 100 மைக்ரோ செகண்ட் காத்திருந்து, மறுபடி ஸ்டாண்ட்பையில் வைக்கிறார்கள். எங்களுக்குப் போர்டோடு வந்த பழைய கெர்னலில் அந்தத் திருத்தம் இல்லை. லேனைப் பார்க்க முடியாவிட்டாலும் ஐ2சியைப் பார்க்க முடியும் அல்லவா? நல்ல கெர்னலில் 0100 ரெஜிஸ்டருக்கு முதலில் 01, சற்றுப் பின்னால் 00 என்று இரண்டு எழுத்து தெரிந்தது. பழைய கெர்னலின் பதிவில் அந்த ஜோடியே இல்லை. இரண்டு பதிவையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்ததும் எந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கருவியால் பார்க்க முடியாத இடத்துக்கும் அது பார்க்கிற இடத்திலிருந்து ஒரு வழி கிடைத்ததால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

நான்காவது, மின்சாரக் கம்பிகளை அளக்கும்போது இது மேலா கீழா என்று மட்டும்தான் சொல்லும். பாதி ஏறியது, பாதி வடிந்தது தெரியாது. ஆனால் அதுவும் சில சமயம் போதுமானதாக இருக்கிறது. எங்கள் தட்டின் பழைய பதிப்பு ஒன்றில் எக்ஸ்சிஎல்ஆர் ஜிபிஐஓவோடு சேரவில்லை. 1.8 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர், கெபாசிட்டர் வழியாக வருகிறது. அப்படியானால் மின்சாரத்தை அணைத்துப் போடுவது ஒன்றே ரீசெட். கேமரா செயலியை மூடி உடனே திறந்தால் சென்சார் பழைய நிலையிலேயே குழம்பி நிற்கும். பதிவில் ரெகுலேட்டரின் எனேபிள் பின் அழகாகக் கீழே போய் மேலே வருகிறது, 1.8 வோல்ட் சேனலோ கீழே வரவே இல்லை. டிரைவர் அணைத்ததாக நினைத்தது அணையவே இல்லை. ரெகுலேட்டருக்கு "ஆஃப் ஆன் டிலே" கொடுத்ததும் சரியானது. முறையான தீர்வு வடிகால் ரெசிஸ்டர் ஒன்று போடுவது. அது அடுத்த தட்டில் வருகிறது.

கூட வரும் கிளிப்புகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் கேமரா கனெக்டரில் அவை நிற்காது. நழுவி 2.8 வோல்ட்டை 1.8 மேல் தட்டிவிட்டால் சென்சார் போய்விடும். கிளிப்பை ஒதுக்கிவிட்டு மெல்லிய எனாமல் கம்பியைத் தட்டின் டெஸ்ட் பேடுகளில் சால்டர் செய்து, பிசின் வைத்து ஒட்டிவிடுங்கள். தரைக் கம்பி (கிரவுண்ட்) ஒன்றோடு நிறுத்தாதீர்கள், கிடைக்கும் இரண்டு தரைப் பின்னையும் போர்டின் பக்கமே இணையுங்கள். பெட்டிக்குள் மின் தனிமைப்படுத்தல் எதுவும் இல்லை. போர்டின் தரையும் லேப்டாப்பின் தரையும் ஒன்றாகிவிடும். பெரிய மோட்டார், மெயின்ஸ் சம்பந்தப்பட்ட இயந்திரத்தில் போர்டு மாட்டியிருந்தால், அதைக் கழற்றி மேசையில் வைத்துத் தனி அடாப்டரில் ஓட்டி அளப்பதுதான் பாதுகாப்பு.

வாங்கலாமா? கேமரா, டிஸ்ப்ளே, டச் பேனல் என்று எந்த ஐ2சி சாதனத்துக்காவது டிரைவர் எழுதுகிறவராக இருந்தால், தயங்காமல் வாங்குங்கள், ஒருவழி லெவல் ஷிஃப்டர் ஒன்றையும் சேர்த்து. கல்லூரியில் எம்பெடட் படிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். டிலேயைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வருமுன் கம்பியைப் பார்க்கும் பழக்கம் வரட்டும். மிப்பி லேனில் பிட் பிழை தேடுகிறவர்களுக்கு இது உதவாது. அவர்கள் தேடும் கருவியின் விலையே வேறு உலகம். நடுவில் இருக்கிறவர்கள், 1.8 வோல்ட் கம்பிகளை மட்டுமே நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள், த்ரெஷோல்டை (எந்த வோல்டேஜுக்கு மேல் ஒன்று என்ற எல்லையை) மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கொஞ்சம் விலை கூடிய அனலைசருக்குப் பணம் சேர்ப்பது நல்லது. லெவல் ஷிஃப்டர் தொல்லை மிச்சம்.

எங்கள் அடுத்த தட்டின் வரைபடத்தில் அனலைசருக்கென்றே ஒரு பத்துப் பின் ஹெடர் கேட்டு வாங்கிவிட்டேன். ஒருவழிப் பஃபர் தட்டிலேயே இருக்கும். சேனல் வரிசை இப்படி: 2.8 வோல்ட், 1.8 வோல்ட், ஆசிலேட்டர் மின்சாரம், ரெகுலேட்டர் எனேபிள், எக்ஸ்சிஎல்ஆர், ஐ2சி கிளாக், ஐ2சி டேட்டா. எட்டாவது சேனல் கெர்னலுக்கு: டிரைவரின் ப்ரோப் (சென்சாரைத் தேடிப் பிடிக்கும் கட்டம்) தொடங்கும்போது உயர்ந்து, முடியும்போது தாழும் ஒரு ஜிபிஐஓ. அதை டிரைவரில் சேர்க்கும் பேட்சை மேம்பாட்டுக் கிளையில் மட்டும் வைத்திருக்கிறோம்.